கணுக்கால் வரை ஒரு கம்பி

ஒரு ரத்தக்குழாய் நெடுகிலும் பாதி அகலத்துக்குச் சுருங்கிவிட்டால், அதில் ஓடும் ரத்தம் எவ்வளவு குறையும்? பாதியாக என்றுதான் தோன்றும். ஆனால் ஓட்டம் ஆரத்தின் நான்காம் மடியைப் பொறுத்தது. அழுத்தம் மாறாமல் இருந்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும். பாதத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் மூன்று தமனிகளும் முழங்காலுக்குக் கீழே 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலமே கொண்டவை. அங்கே சிறு சுருக்கமும் பெரும் பஞ்சம். இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், கொஞ்சம் விரித்தாலே ஓட்டம் பல மடங்கு பெருகும். காலைக் கிழிக்காமல் செய்யும் சிகிச்சைகள் எல்லாம் இந்த லாபத்தைக் குறிவைத்தவைதாம்.

உள்ளே நுழையும் வழியைக் காட்டியவர் ஸ்வீடனின் ஸ்வென் இவார் செல்டிங்கர். 1953-இல் அவர் சொன்ன முறை இதுதான்: ஊசியால் தமனியைக் குத்து, ஊசிக்குள் மெல்லிய கம்பியை விடு, ஊசியை உருவிவிடு, கம்பியின் மேலேயே கதீட்டர் எனும் வடிகுழாயை ஏற்று. இன்றும் அடிப்படை இதுவே.

அடைபட்ட தமனியை உள்ளிருந்தே விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி என்றதும் இதயம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அது பிறந்தது காலில். 1964 ஜனவரி 16 அன்று, அமெரிக்காவின் போர்ட்லண்டில், பாதம் அழுகத் தொடங்கியிருந்த 82 வயதுப் பெண்மணி ஒருவர் காலை எடுக்கச் சம்மதிக்க மறுத்துவிட்டார். கதிரியல் மருத்துவர் சார்லஸ் டாட்டர் அவருடைய தொடைத் தமனியில் கம்பியைச் செலுத்தி, அதன்மேல் ஒன்றைவிட ஒன்று தடித்த குழாய்களை ஏற்றி அடைப்பை அகட்டினார். சில நிமிடங்களில் பாதம் சூடானது. அந்தப் பெண்மணி இறக்கும்வரை, இரண்டரை ஆண்டுகள், சொந்தக் கால்களில் நடந்தார். டாட்டர் கிட்டார் தந்தியையும் கார் வேகமானியின் கேபிளையும் வைத்துக் கம்பி செய்து பார்த்தவர். சக மருத்துவர்கள் அவரைக் கிறுக்கர் என்றதில் வியப்பில்லை.

தடித்த குழாயை ஏற்ற வேண்டுமென்றால் தோலில் போடும் துளையும் பெரிதாக வேண்டுமே? ஜூரிக்கில் ஆண்ட்ரியாஸ் குருயன்ட்சிக் தன் சமையலறை மேசையில் விடை செய்தார்: சுருங்கிய நிலையில் உள்ளே போய், அடைப்பில் மட்டும் உப்பும் பலூன். 1974-இல் காலில் பயன்படுத்தினார். இதயத்துக்கு அது போய்ச் சேர்ந்தது 1977-இல். இன்றைய பலூன்கள் பத்து வளிமண்டல அழுத்தத்தையும் சாதாரணமாகத் தாங்கும். கார் டயரில் இருப்பதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு.

கெண்டைக்கால் மட்டும் எளிதில் மசியவில்லை. நீரிழிவு நோயாளிகளுக்குத் தமனிச் சுவரிலேயே சுண்ணாம்பு படிந்து இறுகும். அடைப்பும் சாண் கணக்கில் நீளும். 0.36 மில்லிமீட்டர் கம்பிகூட நுழைய இடமிருக்காது. இங்கேதான் எனக்கு மிகப் பிடித்த தந்திரம் வருகிறது. 1987-இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் அமன் போலியாவின் கம்பி தவறுதலாகத் தமனிச் சுவரின் அடுக்குகளுக்கு இடையே புகுந்தது. அதையே அவர் ஒரு முறையாக்கினார். அடைப்போடு மல்லுக்கு நிற்காமல் சுவருக்குள்ளேயே நடந்து, அடைப்பைக் கடந்ததும் மீண்டும் குழாய்க்குள் இறங்கிவிடலாம். மேலிருந்து வழி கிடைக்காவிட்டால், பாதத்தில் ஊசி குத்திக் கீழிருந்து கம்பியை ஏற்றுவோரும் உண்டு.

திறந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. விரிந்த தமனி மீள்விசையால் சுருங்கப் பார்க்கும். காயம்பட்ட சுவரில் புதுச் செல்கள் மண்டும். தமனியைத் திறந்தே வைக்க ஸ்டென்ட் எனும் நிரந்தர உலோக வலைக்குழாயை வைப்பதிலும் தயக்கம் உண்டு. அதனால் கரைந்துபோகும் சாரம் ஒன்று வந்தது. பாலிலாக்டிக் அமிலத்தால் ஆன வலைக்குழாய் அது. தமனியைத் தாங்கிப் பிடித்து, செல்கள் மண்டாமல் தடுக்கும் எவரோலிமஸ் மருந்தைக் கசியவிட்டு, சுமார் மூன்றாண்டுகளில் மறைந்துவிடும். அந்த மருந்தின் மூலம், ஈஸ்டர் தீவுக்கு 1964-இல் புறப்பட்ட கனடியக் குழு அள்ளிவந்த மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரி! 261 நோயாளிகளிடம் நடந்த சோதனையில், கால் இழப்போ மறு அடைப்போ போன்ற பின்னடைவு இல்லாமல் ஓராண்டைக் கடந்தவர்கள் சாரம் வைத்தோரில் 74 சதவீதம். பலூன் மட்டும் போட்டோரில் 44. அமெரிக்க அனுமதி 2024-இல் கிடைத்தது.

பாதத்துக்குப் போகும் தமனி ஒன்றுகூடத் தேறவில்லையென்றால்? சிரையையே தமனியாக்கலாம். தமனியிலிருந்து பக்கத்துச் சிரைக்குள் ஊசியால் துளையிட்டு, உறையிட்ட ஸ்டென்டுகளால் இரண்டையும் இணைக்கிறார்கள். சிரைக்குள் ரத்தத்தை மேல்நோக்கி மட்டுமே விடும் வால்வுகள் உண்டு; அவற்றைச் சிறு கருவியால் வெட்டிவிடுகிறார்கள். பிறகு, இதயத்துக்குத் திரும்ப வேண்டிய பாதையில் புது ரத்தம் எதிர்த்திசையில் விரல்களை நோக்கி இறங்குகிறது. வேறு வழியே இல்லாத 105 பேரிடம் செய்ததில், ஆறு மாதத்தில் மூவரில் இருவர் பெரிய அளவில் காலை இழக்காமல் உயிரோடு இருந்தார்கள். பலன் உடனே தெரிவதில்லை. சிரை தன் புது வேலைக்குப் பழகச் சில வாரங்கள் ஆகும். அதுவரை புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.