நனைந்த மடிக்கணினியை வீட்டிலேயே சோதித்துத் திருத்துவது எப்படி?

வீடு திரும்பிய முதல் நாட்களில் கிணறு இறைப்பது, கூரை வேய்வது, மலசலகூடத்தைத் துப்புரவு செய்வது என்று தலைக்கு மேல் வேலை இருக்கும். அவற்றுக்கிடையே மழையிலோ வெள்ளத்திலோ நனைந்த மடிக்கணினி ஒன்று மூலையில் கிடந்தால், "இது இனிச் சரிவராது" என்று ஒதுக்கிவிடுவோம். அல்லது "ஒருக்காப் போட்டுப் பார்ப்போம்" என்று ஆளியை அழுத்துவோம். இரண்டும் வேண்டாம்.

அந்தப் பெட்டிக்குள் பிள்ளையின் உயர்தரப் பாடக் குறிப்புகள் இருக்கலாம். காணி உறுதியின் ஸ்கான் பிரதி இருக்கலாம். இடப்பெயர்வில் அல்பங்களைத் தொலைத்த குடும்பத்துக்கு, உறவினர் அனுப்பிவைத்த பழைய கல்யாணப் படங்கள் இருக்கலாம். இனி எங்கும் கிடைக்காத ஒருவரின் ஒரேயொரு படமும் அங்கேதான் இருக்கலாம். கணினியை இன்னொரு நாள் வாங்கலாம், இவற்றை வாங்க முடியாது. ஆகவே முதலில் உள்ளிருக்கும் தகவல்களைக் காப்பாற்ற வேண்டும். கணினி மீண்டும் இயங்குமா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

தண்ணீர் எப்படிக் கெடுக்கிறது?

மின்சாரம் ஓடாத கணினியைத் தண்ணீர் உடனே அழித்துவிடாது. தண்ணீரும் மின்சாரமும் உள்ளே சேரும்போதுதான் பெரிய சேதம் நேர்கிறது. தண்ணீரில் கரைந்துள்ள உப்புக்கள் மின்சாரத்தைப் போகக்கூடாத வழிகளில் கொண்டுசெல்லும். அப்போது நுண்ணிய செப்புக் கோடுகள் அரிக்கப்படும், சில்லுகள் எரியும். இதற்குச் சில விநாடிகள் போதும்.

கணினியை நிறுத்திவைத்திருந்தாலும் பற்றரி இணைந்திருக்கும்வரை சில பகுதிகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே "நிறுத்திவிட்டேன்" என்பது போதாது. பற்றரியின் இணைப்பையும் விடுவிக்க வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம்.

- மழை நீர், கூரை ஒழுக்கு: உப்பு குறைவு. பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.
- கிணற்று நீர்: யாழ்ப்பாணக் குடாநாட்டில் கேத்தலின் அடியில் படியும் வெள்ளைப் படிவைப் பார்த்திருப்பீர்கள். அதே படிவு கணினிக்குள்ளும் படியும். கழுவித் துடைக்க வேண்டும்.
- பால் தேநீர், குளிர்பானம்: சீனி பிசுபிசுப்பாக ஒட்டிக்கொள்ளும். உலர்ந்தாலும் போகாது.
- வெள்ளச் சேறு: மண், மலசலகூடக் கழிவு, உப்பு எல்லாம் கலந்திருக்கும். கையுறை போட்டே தொடுங்கள்.
- கடல், களப்பு நீர்: மிக மோசமானது. மணித்தியாலக் கணக்கிலேயே அரிப்புத் தொடங்கிவிடும். தாமதிக்கக் கூடாது.

முதலில் உங்கள் பாதுகாப்பு

வீட்டுக்குள் வெள்ளம் வந்திருந்தால், மின்னியலாளர் ஒருவர் வயர்களையும் பிளக்குகளையும் சோதிக்கும்வரை பிரதான ஆளியைப் போடாதீர்கள். கணினி சுவர்ப் பிளக்கில் இணைந்திருந்தால், ஈர நிலத்தில் நின்றுகொண்டு சார்ஜரைக் கழற்றக் கூடாது. முதலில் பிரதான ஆளியை நிறுத்த வேண்டும். அந்த ஆளியே நனைந்திருந்தால் அதையும் தொடாமல் மின்னியலாளரை அழையுங்கள்.

அடுத்து பற்றரியைக் கவனியுங்கள். பற்றரி வீங்கியிருந்தால், சுட்டால், சீறும் சத்தமோ இரசாயன வாடையோ வந்தால் கணினியைத் திறக்கவே வேண்டாம். கையில் எடுக்கும் நிலையில் இருந்தால் வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருட்கள் இல்லாத நிழலான இடத்தில், வெறுந்தரையிலோ மணலிலோ வையுங்கள். புகை வந்தால் கிட்டப் போகாதீர்கள். பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். லித்தியம் பற்றரியைக் குத்துவதும், எரிப்பதும், வளவில் புதைப்பதும் ஆபத்து.

முதல் ஒரு மணித்தியாலம்

1. கணினி இயங்கிக்கொண்டிருந்தால், மின் பொத்தானைப் பத்து விநாடிகள் அழுத்திப் பிடித்து நிறுத்துங்கள். பைல்களைச் சேமிக்க நேரம் எடுக்க வேண்டாம்.
2. சார்ஜர், பென் டிரைவ், மௌஸ் எல்லாவற்றையும் கழற்றுங்கள்.
3. பற்றரி வெளியே கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றுங்கள். உள்ளே பொருத்தப்பட்டதாக இருந்தால், கீழ்மூடியைத் திறந்து அதன் இணைப்பை விடுவிக்க வேண்டும். அது கீழே விளக்கப்பட்டுள்ளது.
4. கணினியை அகலத் திறந்து, விசைப்பலகை கீழே பார்க்க, கூடாரம் போல மேசை மேல் கவிழ்த்து வையுங்கள். அடியில் ஒரு துணியை விரித்துவிடுங்கள். உள்ளே போன வழியாலேயே தண்ணீர் வடியும். குலுக்க வேண்டாம். குலுக்கினால் நனையாத இடத்துக்கும் தண்ணீர் போகும்.

அரிசிக்குள் புதைத்துவைக்கும் வழக்கம் பலரிடம் உண்டு. சில்லுகளுக்கு அடியில் தேங்கிய நீரை அரிசி உறிஞ்சாது, அதன் தூசிதான் துளைகளுக்குள் போகும். உச்சி வெயில், அடுப்பங்கரை, தலைமுடி உலர்த்தும் கருவி ஆகியவையும் வேண்டாம். அதிக சூடு திரையையும் பற்றரியையும் கெடுக்கும். நிழலும், ஓடும் காற்றும், மின்விசிறியும் போதும்.

திறந்து பார்த்தல்

சிறிய நட்சத்திரத் தலைத் திருப்புளி, ரோச் லைற், மென்மையான பழைய ரூத்பிரஷ், வெள்ளைத் தாள் ஆகியவற்றை எடுத்துவையுங்கள். தாளில் கணினியின் அடிப்பக்கத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஆணியையும் அது இருந்த இடத்திலேயே ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். ஆணிகளின் நீளம் வேறுபடும். நீளமான ஆணியைத் தவறான துளையில் முடுக்கினால் பலகை உடைந்துவிடும். ஒவ்வொரு படியிலும் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறந்ததும் முதல் வேலை பற்றரியின் இணைப்பை விடுவிப்பது. வயரைப் பிடித்து இழுக்காமல், இணைப்பியின் இரு பக்கத்தையும் பிடித்து மெல்ல நகர்த்துங்கள். பிறகு நினைவகத் தகட்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கழற்றி வெளியே எடுங்கள். தட்டையான நாடா வயர்கள் சிறிய பூட்டுக்குள் இருக்கும். பூட்டைத் தூக்கிய பிறகே வயர் வெளியே வரும்.

இப்போது ரோச் லைற் பிடித்துத் தேடுங்கள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்கு தெரிந்தால் அது அரிப்பு. சார்ஜர் துளை, விசைப்பலகை இணைப்பு, நினைவகத் தகட்டின் பொந்து, விசிறியின் அடி ஆகிய இடங்களில் கூடுதலாகப் பாருங்கள். கறுத்துக் கருகிய சில்லோ எரிந்த மணமோ இருந்தால் அந்தப் பலகை வீட்டில் திருத்தக்கூடியதல்ல. அப்படியானால் நேரே "தகவல்களை மீட்டல்" பகுதிக்குப் போங்கள்.

சுத்தம் செய்தல்

ஏற்கனவே நனைந்த பலகையைக் கழுவுவது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் தண்ணீர் காய்ந்தாலும் அது விட்டுச்செல்லும் உப்பும் சேறும் ஈரக்காற்றை உறிஞ்சித் தொடர்ந்து அரிக்கும். இன்று வேலை செய்யும் கணினி மூன்று கிழமையில் திடீரென நின்றுபோவது இதனால்தான்.

சேறு, உப்பு, சீனி படிந்திருந்தால் முதலில் வடித்த நீரால் கழுவுங்கள். வாகனப் பற்றரிக்கு ஊற்றுவதற்கென்று விற்கும் வடித்த நீர் போதும். பற்றரி அமிலத்தை மாறி வாங்கிவிடாதீர்கள். கிணற்று நீரோ குழாய் நீரோ பாவிக்க வேண்டாம்.

பிறகு 90 வீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் அல்ககோலில் ரூத்பிரஷைத் தோய்த்து, பொருக்கு உள்ள இடங்களை மெல்லத் தேயுங்கள். அது எஞ்சிய நீரையும் இழுத்துக்கொண்டு ஆவியாகும். புண்ணுக்குப் பூசும் ஸ்பிரிட் இதற்குப் பொருத்தமல்ல. அதில் தண்ணீர் கூடுதலாக இருக்கும், சில வகைகளில் எண்ணெயும் கலந்திருக்கும். அல்ககோல் இலகுவில் தீப்பற்றும். குப்பி விளக்கு, அடுப்பு, நுளம்புச் சுருள் எதுவும் அருகில் இல்லாமல், கதவு யன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள்.

பற்றரி, திரை, ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றைக் கழுவக் கூடாது. அவற்றின் வெளிப்புறத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

எல்லாவற்றையும் ஆகக் குறைந்தது 48 மணித்தியாலம் காற்றோட்டத்தில் உலரவிடுங்கள். மாரி காலமென்றால் மூன்று, நான்கு நாள் விடுங்கள். தறப்பாள் கொட்டிலுக்குள் இரவில் ஈரம் கூடும். பகலில் உலர்த்தி, இரவில் மூடியுள்ள பெட்டிக்குள் வைக்கலாம்.

சோதித்தல்

வெள்ளத்தில் மூழ்கிய பற்றரியையும் சார்ஜரையும் மீண்டும் பாவிக்கக் கூடாது. அதே வகைச் சார்ஜர் ஒன்றை இரவல் வாங்குங்கள். அதன் முகப்பில் எழுதியுள்ள வோல்ற் அளவு உங்கள் கணினியின் அடியில் உள்ள அளவோடு ஒத்திருக்க வேண்டும். பல கணினிகளில் இது 19 முதல் 20 வோல்ற் வரை இருக்கும்.

நினைவகத் தகட்டை மட்டும் பொருத்தி, ஹார்ட் டிஸ்க்கை வெளியே வைத்துவிட்டு, பற்றரி இல்லாமல் சார்ஜரை இணையுங்கள். சில வகைக் கணினிகள் பற்றரி இல்லாமல் இயங்காது. அவற்றைக் கடையில்தான் சோதிக்க வேண்டும்.

- சார்ஜரின் விளக்கு, கணினியில் செருகியவுடன் அணைகிறது: பலகையில் எங்கோ மின்சாரம் குறுக்கே பாய்கிறது. உடனே கழற்றுங்கள். மீண்டும் முயல வேண்டாம்.
- எந்த அசைவும் இல்லை: சார்ஜர் துளையை மீண்டும் சுத்தம் செய்து, இன்னொரு நாள் உலரவிட்டு ஒரு முறை மட்டும் பாருங்கள்.
- விசிறி சுழல்கிறது, திரை இருட்டு: நிறுத்திவிட்டு நினைவகத் தகட்டைக் கழற்றி, முனைகளைத் துடைத்துத் திரும்பப் பொருத்துங்கள். அப்போதும் இருட்டென்றால் எச்.டி.எம்.ஐ. வயரால் தொலைக்காட்சியில் இணையுங்கள். அங்கே படம் வந்தால் பழுது பெரும்பாலும் திரைப் பக்கத்தில்தான்.
- எழுத்துக்கள் தானாக விழுகின்றன: விசைப்பலகை பழுது. யூ.எஸ்.பி. விசைப்பலகை ஒன்றைச் செருகி வேலையைத் தொடரலாம்.
- திரையில் மேகம் போலத் திட்டுக்கள்: உள்ளே ஈரம் உண்டு. சில நாளில் மங்கலாம். பார்ப்பதற்குத்தான் இடைஞ்சல்.
- சூடு, புகை, எரிந்த மணம்: சுவர் ஆளியை நிறுத்துங்கள். சோதனை அத்துடன் முடிந்தது.

கணினி ஒழுங்காக இயங்கினால், நிறுத்திவிட்டு ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்துங்கள். இயக்கியதும் செய்ய வேண்டிய முதல் வேலை, முக்கியமான பைல்களைப் பிரதி எடுப்பது. மற்றதெல்லாம் பிறகு.

தகவல்களை மீட்டல்

கணினி செத்தாலும் உள்ளிருக்கும் படங்கள் பல வேளைகளில் உயிரோடுதான் இருக்கும். அதற்கு எந்த வகை டிஸ்க் என்று தெரிய வேண்டும்.

சுழலும் பகுதி இல்லாத எஸ்.எஸ்.டி. வகை மெல்லிய தகடாகவோ தட்டைப் பெட்டியாகவோ இருக்கும். நனைந்திருந்தால், வெளியே தெரியும் முனைகளை அல்ககோலால் துடைத்து நன்றாக உலர்த்துங்கள். பிறகு அதற்குரிய யூ.எஸ்.பி. உறையில் போட்டு வேறொரு கணினியில் செருகினால் பைல்கள் தெரியலாம்.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் பாரமாக இருக்கும். அதன் வெளிப்புறம் மட்டும் சற்று நனைந்திருந்தால் உலர்த்திப் பாவிக்கலாம். வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் மின்சாரம் கொடுக்காதீர்கள், மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே சேறு காய்ந்து ஒட்டாதபடி, ஈரத்துடனேயே காற்றுப் புகாத பையில் போட்டு, தகவல் மீட்பில் தேர்ந்தவரிடம் விரைவாக ஒப்படையுங்கள். இந்த வகையில் ஒரு தடவை போட்டுப் பார்ப்பதே கடைசித் தடவையாகிவிடலாம்.

புதிய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். வேறு கணினியில் செருகும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு இலக்கத்தைக் கேட்கும். கணினியைத் தொடங்கும்போது பாவித்த மைக்ரோசொப்ட் கணக்கினுள் அது பெரும்பாலும் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கின் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் வீட்டில் யாருக்குத் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

கடைக்குக் கொடுக்கும்போது

- என்ன தண்ணீர், எப்போது நனைந்தது, இதுவரை என்ன செய்தீர்கள் என்று உள்ளபடி சொல்லுங்கள்.
- டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுக்கலாம். டிஸ்க்கையும் கொடுத்தால், "எதையும் அழிக்கக் கூடாது" என்று பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.
- பார்ப்பதற்கு எவ்வளவு, திருத்துவதற்கு எவ்வளவு என்று முன்கூட்டியே கேளுங்கள். கூலி பழைய கணினியின் விலையை நெருங்கினால் தகவல்களை மட்டும் மீட்டுத் தரச் சொல்லுங்கள்.

அடுத்த மழைக்கு முன்

ஐப்பசியில் தொடங்கும் மாரி தை வரை நீடிக்கும். அதற்குள் முக்கியமான பைல்களை இரண்டு இடங்களில் பிரதி எடுத்துவையுங்கள். ஒன்று, வேறு ஊரில் இருக்கும் உறவினரிடம் கொடுத்துவைக்கும் பென் டிரைவ். மற்றது இணையக் கணக்கு. காணி ஆவணம், அடையாள அட்டை, பிறப்பு, திருமண அத்தாட்சிப் பத்திரங்கள், குடும்பப் படங்கள் ஆகியவற்றை முதலில் சேருங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் மீண்டும் பெறலாம். குடும்பப் படங்களுக்கு அப்படியொரு அலுவலகம் இல்லை. ஆகவே படங்களை இன்றைக்கே பிரதி எடுங்கள்.