தமிழ்த் திரைப்பட வசூல் சாதனைகள்

தமிழ்த் திரைப்பட வசூல் சாதனை என்பது ஒரு திரைப்படம் திரையரங்குகளில் ஈட்டிய வருவாய் அல்லது ஓடிய காலம், அதற்கு முன் வெளிவந்த படங்கள் எட்டிய அளவைத் தாண்டுவதைக் குறிக்கும். 1980கள் வரை ஒரு படத்தின் வெற்றி பெரும்பாலும் அது ஓடிய நாட்களைக் கொண்டே அளக்கப்பட்டது. நூறு நாள், வெள்ளி விழா (25 வாரம்) ஆகியவை அக்காலத்து அளவுகோல்கள். 2000களுக்குப் பின் அவற்றின் இடத்தைக் கோடி ரூபாய்க் கணக்கு பிடித்துக்கொண்டது. இவ்விரு அளவுகளும் வெவ்வேறு விநியோக முறைகளிலிருந்து பிறந்தவை. எனவே ஒரு காலத்துச் சாதனையை மற்றொரு காலத்துச் சாதனையுடன் நேரடியாக ஒப்பிட இயலாது. வசூலில் முதலிடம் பெற்ற படங்களே மக்கள் நினைவில் நிலைத்த படங்களாகவும் இருக்கும் என்பதும் உறுதியில்லை.

கணக்கிடும் முறை

திரைப்பட வணிகத்தில் வசூல் என்ற ஒரே சொல் மூன்று வெவ்வேறு தொகைகளைக் குறிக்கப் பயன்படுகிறது.

மொத்த வசூல்: நுழைவுச்சீட்டுக்காகப் பார்வையாளர்கள் செலுத்திய முழுத்தொகை. இதில் வரிகளும் அடங்கும்.

நிகர வசூல்: மொத்த வசூலிலிருந்து வரிகளைக் கழித்த பின் எஞ்சும் தொகை.

பங்கு: நிகர வசூலில் திரையரங்கு உரிமையாளரின் பகுதி போக விநியோகஸ்தருக்குக் கிடைக்கும் தொகை.

எடுத்துக்காட்டாக, நுழைவுச்சீட்டின் அடிப்படைக் கட்டணம் 150 ரூபாய் எனவும், அதன் மீது 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி எனவும் கொள்வோம். பார்வையாளர் செலுத்துவது 177 ரூபாய். உள்ளாட்சிக் கேளிக்கை வரி இக்கணக்கில் சேர்க்கப்படவில்லை. விநியோகஸ்தரின் பங்கு 60 விழுக்காடு என்றால் அவருக்குக் கிடைப்பது 90 ரூபாய். இதே விகிதத்தில், 100 கோடி ரூபாய் மொத்த வசூல் என்று விளம்பரப்படுத்தப்படும் படத்தின் நிகர வசூல் ஏறத்தாழ 85 கோடி. பங்கு ஏறத்தாழ 51 கோடி மட்டுமே. மூன்றும் ஒரே படத்தின் உண்மையான தொகைகளாகும். ஒரு படத்தின் மொத்த வசூலை இன்னொரு படத்தின் பங்குடன் ஒப்பிடும்போதே தவறு நேர்கிறது.

பிரான்சு, தென்கொரியா போன்ற நாடுகளில் விற்பனையான நுழைவுச்சீட்டுகளின் எண்ணிக்கையை அரசு சார்ந்த அமைப்புகள் திரட்டி வெளியிடுகின்றன. தமிழ்நாட்டில் அத்தகைய பொதுப் பதிவேடு இல்லை. தயாரிப்பாளர்களும் விநியோகஸ்தர்களும் அறிவிப்பவை, வணிகக் கணிப்பாளர்கள் மதிப்பிடுபவை ஆகியனவே செய்திகளாக வெளிவருகின்றன.

விநியோகப் பகுதிகள்

தமிழ்நாடு திரைப்பட விநியோகத்துக்காகப் பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சென்னை நகரம், செங்கல்பட்டு, வட ஆற்காடு – தென் ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர், திருச்சி – தஞ்சாவூர், மதுரை – இராமநாதபுரம், திருநெல்வேலி – கன்னியாகுமரி என்பன அப்பகுதிகள். வருவாய் மாவட்டங்கள் பலமுறை பிரிக்கப்பட்ட பின்னரும் திரைப்பட வணிகம் பழைய மாவட்டப் பெயர்களையே கையாளுகிறது.

பல்லவர் – சாளுக்கியர் போரால் வரலாற்றில் அறியப்பட்ட மணிமங்கலம் இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. எனினும் மணிமங்கலம், திருப்பெரும்புதூர், ஒரகடம் வட்டாரம் விநியோகக் கணக்கில் செங்கல்பட்டுப் பகுதியாகும். சென்னையைச் சூழ்ந்துள்ள தொழிற்சாலைப் பகுதிகளிலும் புறநகர்களிலும் மக்கள்தொகை பெருகியதால் செங்கல்பட்டுப் பகுதியின் வணிக மதிப்பும் உயர்ந்தது. இப்பகுதியில் வாழ்வோர் தம்மைச் சென்னைவாசிகள் என்று கருதினாலும், அவர்கள் உள்ளூரில் வாங்கும் நுழைவுச்சீட்டு சென்னை நகர வசூல் சாதனையில் சேர்வதில்லை.

ஓடிய நாட்களின் காலம்

1937இல் வெளிவந்த சிந்தாமணி, ஓராண்டுக்கு மேல் ஓடிய தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் ஒன்று. எம். கே. தியாகராஜ பாகவதர் நடித்த இப்படத்தின் இலாபத்தைக் கொண்டு மதுரையில் சிந்தாமணி என்ற பெயரிலேயே ஒரு திரையரங்கு கட்டப்பட்டது.

பாகவதர் நடித்த ஹரிதாஸ் 1944ஆம் ஆண்டு தீபாவளிக்கு வெளியானது. சென்னை பிராட்வே திரையரங்கில் 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளைக் கண்டது. படம் வெளிவந்த சில வாரங்களில் நிகழ்ந்த இலட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் நகைச்சுவை நடிகர் என். எஸ். கிருஷ்ணனும் கைதாகி, 1945இல் தண்டனை பெற்றனர். நாயகன் சிறையில் இருந்த காலத்திலும் படம் தொடர்ந்து ஓடியது. 1947இல் இருவரும் விடுதலை செய்யப்பட்டனர். ஆயினும் பாகவதர் அதன் பின் நடித்த ராஜமுக்தி (1948) வெற்றி பெறவில்லை. திரையரங்கில் நிகழ்த்திய சாதனை நடிகரின் பிற்கால வாழ்வுக்கு உறுதியளிக்கவில்லை என்பதற்கு இது எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

ஜெமினி ஸ்டூடியோ உரிமையாளர் எஸ். எஸ். வாசன் தயாரித்து இயக்கிய சந்திரலேகா 1948 ஏப்ரலில் வெளியானது. இதன் தயாரிப்புச் செலவு 30 இலட்சம் ரூபாய் எனக் கூறப்படுகிறது. அக்காலத்துத் தமிழ்ப் படங்களோடு ஒப்பிட்டால் இது மிகப் பெருந்தொகை. தமிழ்நாட்டு வசூல் மட்டும் இத்தொகையை ஈடுசெய்யாது என்ற நிலையில், அதே ஆண்டு டிசம்பரில் இந்திப் பதிப்பு வெளியிடப்பட்டது. விரிவான விளம்பரத்துடன் வெளியான அப்பதிப்பு, சென்னையில் தயாரான படங்களுக்கு வட இந்தியச் சந்தையைத் திறந்துவிட்டது. ஒரே படத்தைப் பல மொழிகளில் வெளியிட்டுப் பெரும் முதலீட்டை மீட்கும் பிற்கால முறைக்கு இது ஒரு முன்னோடி.

படங்கள் நீண்ட நாட்கள் ஓடியதற்கு மக்களின் ஆர்வம் மட்டும் காரணமன்று. படச்சுருளைப் பிரதி எடுப்பதற்குச் செலவு மிகுதி. ஆகவே குறைந்த எண்ணிக்கையில் பிரதிகள் எடுக்கப்பட்டு, முதலில் பெருநகரங்களிலும், பின்னர் சிறு நகரங்களிலும், இறுதியாகக் கிராமங்களின் டூரிங் டாக்கீசுகளிலும் திரையிடப்பட்டன. படப்பெட்டி தம் ஊருக்கு வந்து சேரச் சிற்றூர் மக்கள் மாதக்கணக்கில் காத்திருந்தனர். வசதி உள்ளவர்கள் நகரத்துக்குச் சென்று பார்த்தனர். தொலைக்காட்சி பரவாத அக்காலத்தில் பார்த்த படத்தை மீண்டும் பார்க்கவும் திரையரங்கையே நாட வேண்டியிருந்தது.

நாட்களிலிருந்து கோடிகளுக்கு

2005 ஏப்ரலில் வெளியான சந்திரமுகி, சென்னை சாந்தி திரையரங்கில் 800 நாட்களுக்கு மேல் ஓடியது. ஹரிதாசின் நெடுநாள் சாதனையை இது முறியடித்ததாகக் கூறப்படுகிறது. படத்தைத் தயாரித்த சிவாஜி புரொடக்சன்ஸ் நிறுவனமும் சாந்தி திரையரங்கும் நடிகர் சிவாஜி கணேசனின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது குறிப்பிடத்தக்கது. இதே காலப்பகுதியில் எண்ணிமத் திரையிடல் பரவத் தொடங்கியது. படச்சுருள் தேவைப்படாமல் போனதால் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் படத்தை வெளியிட முடிந்தது.

இம்மாற்றத்தை எளிய கணக்கால் விளக்கலாம். நாள்தோறும் 4 காட்சிகள் எனக் கொண்டால், ஒரு திரையரங்கில் 800 நாட்கள் ஓடும் படத்துக்கு 3,200 காட்சிகள் கிடைக்கும். 800 திரைகளில் வெளியாகும் படம் அதே 3,200 காட்சிகளை முதல் நாளிலேயே நிறைவு செய்துவிடும். ஆகவே இக்காலப் படங்கள் சில வாரங்களில் திரையரங்கை விட்டு நீங்குவதால் மட்டும் அவற்றைக் குறைவான மக்கள் பார்த்ததாகக் கொள்ள முடியாது.

தமிழ்நாட்டில் நுழைவுக் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு விதிக்கிறது. 2017 அக்டோபரில் குளிர்சாதன வசதி கொண்ட பல்திரை அரங்குகளுக்கான உச்ச அடிப்படைக் கட்டணம் 150 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. வரம்புக்கு மேல் கட்டணத்தை உயர்த்த இயலாததால், வசூலை உயர்த்த விரும்புவோர் திரைகளின் எண்ணிக்கை, வெளிமாநிலங்கள், வெளிநாடுகள் ஆகியவற்றையே நம்ப வேண்டியுள்ளது. 2017இல் தெலுங்கிலும் தமிழிலும் உருவான பாகுபலி 2 உலக அளவில் 1,000 கோடி ரூபாயைக் கடந்த முதல் இந்தியப் படமானது. 2023இல் வெளிவந்த ஜெயிலர், லியோ ஆகிய தமிழ்ப் படங்கள் ஒவ்வொன்றும் 600 கோடி ரூபாய் அளவில் வசூலித்ததாகச் செய்திகள் வெளியாயின.

ஒப்பீட்டில் உள்ள சிக்கல்கள்

பணவீக்கத்தால் பழைய படங்களின் ரூபாய்த் தொகை இன்று மிகச் சிறியதாகத் தோன்றும். உலக அளவில் டாலர்த் தொகையின்படி அவதார் (2009) முதலிடத்தில் உள்ளது. பணவீக்கத்தைச் சரிசெய்து கணக்கிட்டால் 1939இல் வெளிவந்த கான் வித் த விண்ட் முதலிடம் பெறுகிறது. பழைய தமிழ்ப் படங்களுக்கு நம்பத்தக்க அடிப்படைத் தொகையே கிடைக்காததால், இத்தகைய திருத்தத்தைச் செய்வது மேலும் கடினமாகும்.

மொத்த வசூல் இலாபத்தையும் காட்டுவதில்லை. மினிமம் கேரண்டி எனப்படும் முறையில் விநியோகஸ்தரோ திரையரங்கு உரிமையாளரோ படம் வெளிவருமுன்பே ஒரு தொகையைத் தயாரிப்பாளருக்கு உறுதியளித்துச் செலுத்துகிறார். வசூல் அத்தொகையை எட்டாவிட்டால் இழப்பு அவருடையது. நாயகனின் முந்தைய சாதனையே அடுத்த படத்தின் விலையை நிர்ணயிப்பதால், சாதனை எண் மிகைப்படுத்தப்படும்போது அதன் சுமை இவர்கள் மீது விழுகிறது. 2002இல் வெளிவந்த பாபா எதிர்பார்த்த வசூலைப் பெறாதபோது, அதன் தயாரிப்பாளரும் நாயகனுமான ரஜினிகாந்த் விநியோகஸ்தர்களின் இழப்பை ஈடுசெய்தார்.

நிலைத்த செல்வாக்கு

ஒரு படத்தின் நீடித்த செல்வாக்கு, அதைப் பின்வந்த தலைமுறையினர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதைக் கொண்டே அறியப்படுகிறது. பின்வருவன அதற்குச் சில எடுத்துக்காட்டுகள்.

அந்த நாள் (1954): எஸ். பாலச்சந்தர் இயக்கிய இப்படத்தில் பாடல்கள் இல்லை. வெளியானபோது வணிக வெற்றி பெறவில்லை. இன்று தமிழ்த் திரைப்பட வரலாற்றின் முக்கியப் படங்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

கர்ணன் (1964): எண்ணிம முறையில் சீரமைக்கப்பட்டு 2012 மார்ச்சில் மீண்டும் வெளியிடப்பட்டது, சென்னையில் நூறு நாட்களைக் கடந்தது.

முத்து (1995): 1998இல் சப்பானில் வெளியாகிப் பெருவெற்றி கண்டது. அந்நாட்டில் மிகுதியாக வசூலித்த இந்தியப் படம் என்ற இதன் சாதனையை 2022இல்தான் ஆர்ஆர்ஆர் முறியடித்தது.

அன்பே சிவம் (2003): திரையரங்குகளில் தோல்வியடைந்து, பின்னர் தொலைக்காட்சி வழியாகப் பெரும் இரசிகர் கூட்டத்தைப் பெற்றது.

கில்லி (2004): வெளியானபோதே பெருவெற்றி பெற்ற இப்படம் 2024 ஏப்ரலில் மீண்டும் திரையிடப்பட்டு அரங்குகளை நிறைத்தது.

நிலைத்த செல்வாக்குக்கு அடிப்படைத் தேவை படம் அழியாமல் இருப்பதாகும். முதல் தமிழ்ப் பேசும்படமான காளிதாஸ் (1931) சென்னையில் பெருங்கூட்டத்தை ஈர்த்தது என்ற செய்தி எஞ்சியுள்ளது. ஆனால் படத்தின் பிரதி எதுவும் கிடைக்கவில்லை. கர்ணன் மீண்டும் திரைக்கு வர முடிந்ததற்குச் சீரமைக்கத்தக்க பிரதி இருந்தது காரணமாகும். காளிதாசுக்கு அவ்வாய்ப்பு இல்லை.