பால்வெள்ளை மட்டும் போதுமா?
ராஜபாளையம் நாயும் ஸ்பெயின் குதிரையும் கற்றுத் தரும் மரபியல்

ராஜபாளையம், சேத்தூர் பக்கம் நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். உடம்பு முழுக்கப் பால்வெள்ளையா, மூக்கு ரோஜா நிறமா, எங்காவது செவலை மறை விழுந்திருக்கிறதா என்று புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். குட்டிக்கு இரண்டு காதும் கேட்கிறதா என்று கேட்பவர்கள் குறைவு. அந்த நிறத்துக்கும் காதுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது. ராஜபாளையம் நாயை நேசிக்கும் ஒவ்வொருவரும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் இருக்கிறது சேத்தூர். சேத்தூர், சிவகிரி, கொல்லங்கொண்டான் எனப் பாளையங்கள் வரிசையாக இருந்த மலையடிவாரம் இது. ராஜபாளையம் நாய் இந்த மண்ணில் வளர்ந்த இனம். காட்டுப்பன்றி வேட்டைக்கும் பண்ணைக் காவலுக்கும் ஜமீன் வீடுகளிலும் விவசாயிகளின் தோட்டங்களிலும் இதை வளர்த்தார்கள். ஆழ்ந்த மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், சன்னமான குட்டை முடி ஆகியவை விரட்டி ஓடுவதற்கென்றே அமைந்த உடல்வாகு. வளர்ந்த கடுவன் முக்கால் மீட்டர் உயரம் வரை நிற்கும். வீட்டாரிடம் ஒட்டிக்கொள்ளும், அந்நியரைச் சட்டென்று அண்ட விடாது.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டைக்கு இடமில்லை. வேட்டை இருந்தவரை நாயைத் தேர்ந்தெடுத்தது காடு. வேகம், மோப்பம், கூர்மையான காது, துணிவு ஆகியவற்றில் குறைவான நாய் அடுத்த தலைமுறைக்குப் போகவில்லை. வேட்டை நின்றதும் தேர்வு மனிதரின் கண்ணுக்கு வந்துவிட்டது. கண்ணுக்கு முதலில் படுவது நிறம். வெள்ளையோடு வெள்ளையைச் சேர்ப்பதும், நிறம் விழுந்த குட்டிகளை ஒதுக்குவதும் இப்படித்தான் வலுப்பெற்றன.

ஒரே வெள்ளை, இரண்டு காரணங்கள்

வெள்ளையால் புகழ்பெற்ற இன்னொரு கலப்பற்ற இனம் ஸ்பெயின் நாட்டுக் குதிரை. வளைந்த கழுத்து, அடர்ந்த பிடரி, சற்றே புடைத்த முகம், முன்னங்காலை உயர்த்தி வைக்கும் நடை, சொன்னதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும் சாந்த குணம் ஆகியவை அதன் அடையாளங்கள். 1567-இல் இரண்டாம் பிலிப் மன்னர் கோர்தோபா நகரில் அரச லாயம் அமைத்து இந்த இனத்தை ஒழுங்காகப் பெருக்கத் தொடங்கினார். ஐரோப்பிய அரண்மனைகளெங்கும் இதன் வாரிசுகள் போயின. வியன்னாவின் புகழ்பெற்ற லிப்பிசானர் குதிரைகளிலும் ஸ்பெயின் ரத்தம் ஓடுகிறது.

ஸ்பெயின் குதிரைகளில் பெரும்பங்கு பார்வைக்கு வெள்ளை. ஆனால் அவை வெள்ளையாகப் பிறப்பதில்லை. கருப்பாகவோ பழுப்பாகவோ பிறந்து, ஆண்டுக்கு ஆண்டு நரைத்து, வளர்ந்த பிறகு வெளுக்கின்றன. முடியை விலக்கிப் பார்த்தால் தோல் கருப்பாகவே இருக்கும். இதன் காரணத்தை ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் கண்டறிந்தார்கள். ஒரு மரபணுவின் சிறு பகுதி இரட்டித்திருக்கிறது. அதனால் நிறமிச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. முடியின் வேரில் இருக்க வேண்டிய இருப்பு சீக்கிரமே தீர்ந்துவிடுகிறது. தோலிலோ அவை தங்கிவிடுகின்றன. வயதான நரைக்குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தோலில் கரும்புற்றுக் கட்டிகள் வருவதற்கு இதுவே காரணம்.

ராஜபாளையம் நாயின் கதை நேர்மாறானது. அது வெள்ளையாகவே பிறக்கிறது. மூக்கும் தோலும் ரோஜா நிறமாக இருப்பது, அங்கே நிறமிச் செல்கள் போய்ச் சேரவில்லை என்பதைக் காட்டுகிறது. குதிரையில் நிறமிச் செல் மிகுந்து முடி வெளுத்தது. நாயில் நிறமிச் செல் இல்லாமல் உடம்பு வெளுத்தது.

காதுக்குள் ஏன் நிறமி?

கரு வளரும்போது நிறமிச் செல்கள் முதுகுத்தண்டு உருவாகும் கோட்டை ஒட்டிப் பிறக்கின்றன. அங்கிருந்து இரு பக்கமும் பரவி, தோல், கண், உட்செவி என்று குடியேறுகின்றன. இந்தப் பயணத்தைக் கட்டுப்படுத்தும் மரபணுக்களில் ஒன்று எம்.ஐ.டி.எஃப். நாய்களின் வெள்ளைத் திட்டுகளுக்கு இதுவே முக்கியக் காரணம் என்று 2007-இல் தெரியவந்தது. குதிரையில் இதே மரபணு மாறினால் முகமும் காலும் சுண்ணாம்பில் தோய்த்தது போல வெளுக்கின்றன. அப்படிப் பிறந்த சில குதிரைகள் செவிடாகவும் இருக்கின்றன.

செவிப்புலனுக்கு நிறமி எதற்கு? உட்செவியின் நத்தை வடிவ அறைக்குள் ரத்தக் குழாய்கள் நிறைந்த மெல்லிய பட்டை ஒன்று ஓடுகிறது. அறைக்குள் இருக்கும் திரவத்தில் பொட்டாசியத்தை நிறைத்து, ஒலியை உணரும் செல்களுக்கு மின்னழுத்தம் கொடுப்பது அதன் வேலை. அந்தப் பட்டை வேலை செய்ய நிறமிச் செல்கள் தேவை. அவை இல்லாவிட்டால் குட்டி பிறந்த சில வாரங்களிலேயே பட்டை நலிந்துவிடும். பிறகு ஒலியுணர் செல்களும் மடியும். ஒருமுறை மடிந்தவை திரும்ப முளைப்பதில்லை.

கண்ணின் நீலமும் அங்கே நிறமி குறைந்ததன் அடையாளம்தான். வெள்ளை உடம்பும் நீலக்கண்ணும் கொண்ட பூனைகள் பெரும்பாலும் செவிடாக இருப்பதை டார்வினே எழுதிவைத்தார். ராஜபாளையம் நாயிலும் நீலக்கண் குட்டிகளுக்குக் காது கேளாமை அதிகம் என்பது பரவலாகத் தெரிந்த விஷயம். எல்லா வெள்ளை நாயும் செவிடல்ல. தோல் வெளுத்திருந்தாலும் உட்செவிக்கு நிறமிச் செல் போய்ச் சேர்ந்திருந்தால் காது நன்றாகவே கேட்கும். வெள்ளை என்றால் ஆபத்தின் அளவு கூடுகிறது, அவ்வளவுதான்.

டால்மேஷன் கற்ற பாடம்

இதை மிக விரிவாக ஆராய்ந்திருப்பது புள்ளிபோட்ட டால்மேஷன் நாய்களில். அமெரிக்காவில் சோதிக்கப்பட்ட டால்மேஷன்களில் சுமார் 22 சதவீதத்துக்கு ஒரு காது கேட்காது. சுமார் 8 சதவீதத்துக்கு இரண்டு காதும் கேட்காது. இந்த இனத்தில் சில குட்டிகள் பிறக்கும்போதே பெரிய நிறத்திட்டோடு பிறக்கும். கண்காட்சி விதிகள் அதைக் குறையாகக் கருதி ஒதுக்குகின்றன. ஆனால் அந்தத் திட்டுக் குட்டிகளிடம் காது கேளாமை மிகக் குறைவு. அழகுக்காக ஒதுக்கிய குட்டிகளோடு நல்ல காதும் இனத்தைவிட்டு வெளியே போனது.

நம் ஊரில் செவலை மறையோடு பிறக்கும் குட்டியை 'கலப்பு' என்று தள்ளுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். மறை விழுந்த குட்டிக்கும் தாய் தகப்பன் இரண்டும் ராஜபாளையமாகவே இருக்கலாம். அதைக் கழிப்பது இனத்தைச் சுத்தப்படுத்துவதாகாது. ஏற்கெனவே சிறுத்துப்போன மரபணுக் கையிருப்பை மேலும் சிறுக்க வைப்பதே அது.

சொந்தத்துக்குள் சேர்ப்பதும் இதே கணக்கில் சேரும். ஒரே ஈத்துக் குட்டிகளை இணை சேர்த்தால், பிறக்கும் குட்டியின் மரபணு இடங்களில் சராசரியாகக் கால் பங்கில், தாய்வழியிலும் தகப்பன்வழியிலும் ஒரே மூதாதையின் நகலே வந்து அமையும். மறைந்திருக்கும் குறைகள் வெளிப்படுவது அப்போதுதான். பேர்பெற்ற ஒரே கடுவனிடம் ஊரே பெட்டைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தாலும், சில தலைமுறைகளில் எல்லாம் சொந்தமாகிவிடும்.

பதிவேடே அடித்தளம்

ஸ்பெயின் குதிரைக்கு 1912-இலிருந்து வம்சாவளிப் பதிவேடு இருக்கிறது. இன்று ஒரு குட்டியைப் பதிய வேண்டுமானால், தாய் தகப்பன் இன்னவை என்பதை டி.என்.ஏ. சோதனை உறுதிசெய்ய வேண்டும். இனப்பெருக்கத்துக்கு விட வேண்டுமானால் உடலமைப்பையும் தனியே மதிப்பிட்டுத் தகுதி கொடுக்கிறார்கள். நீண்ட காலம் ஒதுக்கி வைத்திருந்த செந்நிறக் குதிரைகளையும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார்கள். நிறம் கூடியது; இனம் கெட்டுவிடவில்லை.

நம்மிடமும் தொடக்கங்கள் உண்டு. 2005-இல் இந்திய அஞ்சல்துறை ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வெளியிட்டது. சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைப் பராமரிப்புத் துறை நாட்டு நாய்களுக்கென இனப்பெருக்கப் பிரிவு நடத்திவந்திருக்கிறது. 2020-இல் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம், சிப்பிப்பாறை, முதோல் ஆகியவற்றோடு ராஜபாளையத்தையும் தனி இனமாகப் பதிவுசெய்தது. இனத்துக்கு அங்கீகாரம் வந்துவிட்டது. ஒவ்வொரு நாய்க்கும் வம்சாவளியும் செவிச் சோதனை முடிவும் ஒரே பதிவேட்டில் ஏறுவதுதான் அடுத்து நடக்க வேண்டியது.

அதுவரை குட்டி வாங்குகிறவர்கள் சிலவற்றைத் தாங்களே செய்யலாம். தாய் தகப்பனை நேரில் பாருங்கள். இரண்டும் எந்த ஈத்தில் பிறந்தவை என்று கேளுங்கள். ஐந்து வாரம் கடந்த குட்டி தூங்கும்போது, நிழலோ காற்றோ படாமல் பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். இரண்டு காதும் கேட்காத குட்டி இதில் தெரிந்துவிடும். ஒற்றைக் காது கேளாமை வீட்டுச் சோதனையில் பிடிபடாது. 'பேயர்' எனப்படும் மூளைத்தண்டுச் செவிச் சோதனையால்தான் தெரியும். ஒற்றைக் காது நாய் வீட்டுக் காவலுக்கு உதவும், பாசமாகவும் வளரும். ஆனால் அதை இணை சேர்க்கக் கூடாது.

வளர்ப்பவர்களிடம் சில வேண்டுகோள்கள். மறை விழுந்த குட்டியைக் கழிக்காதீர்கள், நீலக்கண் நாயைப் பெருக்காதீர்கள், யாருக்கு யார் குட்டி என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ராஜபாளையம் நாயின் பெருமை அதன் ஓட்டத்திலும் காதிலும் காவலிலும் இருக்கிறது. வெள்ளை அதற்கு அடுத்ததுதான்.