செடி வச்ச மீன் தொட்டி... விடியற்காலையில் மீன் ஏன் மூச்சுத் திணறுது? கவனிக்க வேண்டிய கணக்கு இதுதான்!

கொளத்தூரில் வாங்கிய வண்ண மீன், பச்சைப்பசேல் செடி, ஒரு கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர். மங்கலம்பேட்டையில் வீட்டுக் கூடத்தில் வைத்தாலும், சென்னையில் வைத்தாலும் வரும் கேள்வி ஒன்றுதான். "செடிதான் ஆக்சிஜன் தருமே, அப்புறம் ஏன் மீன் மேலே வந்து வாயைத் திறக்குது?"

பகலில் வரவு, இரவில் செலவு

வெளிச்சம் இருந்தால்தான் செடி ஆக்சிஜன் தரும். விளக்கை அணைத்ததும் செடி, மீன், ஃபில்டரில் உள்ள பாக்டீரியா எல்லாமே ஆக்சிஜனை இழுக்கும். அதனால் விடியற்காலையில்தான் அளவு ரொம்பக் குறைவாக இருக்கும். பாசி படர்ந்த குளங்களில் விடியும் நேரத்தில் மீன் செத்து மிதக்கவும் இது ஒரு காரணம்.

வெயில் காலத்தில் கூடுதல் கவனம் தேவை. 25 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது சுமார் 7.5தான்.

ஒன்று கூடினால் மற்றது குறையுமா?

இல்லை. தண்ணீரில் இரண்டு வாயுவும் ஒரே நேரத்தில் அதிகமாக இருக்கலாம். ஆனால் கார்பன் டை ஆக்சைடு எல்லை மீறினால், ஆக்சிஜன் இருந்தும் மீனின் ரத்தத்தால் அதைச் சரியாக ஏற்க முடியாது.

எவ்வளவு விடலாம்?

லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் என்பது பலரும் பின்பற்றும் அளவு. தொட்டிக்குள் ஒட்டும் 'டிராப் செக்கர்' நீலமாக இருந்தால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் ஆபத்து. நிறம் மாற இரண்டு மணி நேரம் வரை ஆகலாம். அதனால் அதை மட்டும் நம்பாமல் மீனையும் பாருங்க.

வாயுவை நுண்குமிழியாக்குவது டிஃப்யூசரில் உள்ள பீங்கான் வட்டு. விருத்தாசலம் பக்கத்து மக்களுக்குப் பீங்கானைச் சொல்லித் தர வேண்டியதில்லை. முழுசாக இறுகாமல் சுட்டால் நுண்துளைகள் மிஞ்சும், அந்த வழியாகத்தான் வாயு கசியும். பாசி அடைத்தால் கழுவணும்.

எப்போது திறப்பது, மூடுவது?

விளக்கு எரிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாயுவைத் திறங்க. அணைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடுங்க. இரவில் ஏர் பம்ப் ஓடட்டும். சர்க்கரை, ஈஸ்ட் கலந்த பாட்டில் முறையில் வாயு இரவிலும் வந்துகொண்டே இருக்கும் என்பதால், ஏர் பம்ப் கட்டாயம்.

மீன் திணறினால்...

* விடியற்காலையில் என்றால் பெரும்பாலும் ஆக்சிஜன் குறைவு.
* வாயு ஓடும்போது, மதியமோ மாலையோ என்றால் கார்பன் டை ஆக்சைடு அதிகம்.

எதுவானாலும் முதலில் வாயுவை மூடுங்க, ஏர் பம்ப்பைப் போடுங்க. குளோரின் நீக்கிய, அதே சூட்டில் உள்ள தண்ணீரால் மூன்றில் ஒரு பங்கை மாற்றுங்க.

கரண்ட் போனால்?

சிலிண்டரில் சோலனாய்டு வால்வு இருந்தால் பொதுவாக வாயு தானாக நின்றுவிடும். இல்லையென்றால் ஃபில்டர் நின்ற பிறகும் வாயு மட்டும் ஏறும், உடனே கையால் மூடணும். கரண்ட் வந்ததும் டைமரைப் பாருங்க. சுழலும் வகை டைமர், கரண்ட் இல்லாத நேரம் அளவுக்குப் பின்தங்கியிருக்கும். சரி செய்யாவிட்டால் விளக்கு அணைந்த பிறகும் வாயு ஓடலாம்.