கறிக்கடையும் நம்பிக்கையும்

விரிஞ்சிபுரம் என்றதும் மார்க்கபந்தீசுவரர் ஆலயத்து மதில்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் இவ்வூரார் பலருக்கு ஞாபகம் வருவது கறிக்கடை! புலால் உண்ணாத வாசகர்கள் மன்னிப்பார்களாக. உண்ணும் வீடுகளுக்கு இது ஆரோக்கியத்தைப் பற்றிய விஷயமாதலால், சற்று ஆராய்வோம்.

ஒருவர் வருஷக்கணக்காக ஒரே கடையை நாடுவது ஏன்? விலை மலிவினாலா? நமது அநுபவம் அப்படிச் சொல்லவில்லை. சில வருஷங்களுக்கு முன், விலை கொஞ்சம் குறைகிறதே என்று சாலையோரத்துக் கடை ஒன்றில் ஆட்டுக்கறி வாங்கினோம். அன்றிரவு வீட்டில் ஒருவர் பாக்கியில்லாமல் வயிற்றுவலியால் துடித்தோம். மிச்சம் பிடித்த பணம் மருந்துக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. அப்புறம் அந்தப் பக்கம் நாம் தலைவைத்துப் படுக்கவில்லை.

பழைய கடைக்கே திரும்பினோம். ஒரு நாள் மாலை, திடீரென்று விருந்தினர் வந்துவிடவே, அங்கே ஓடினோம். கறி தொங்கிக்கொண்டுதான் இருந்தது.

"வேண்டாம், வாத்தியார் ஐயா! காலையில் அறுத்தது, வெயிலில் வாடிவிட்டது" என்றார் கடைக்காரர்.

"விருந்தாளி காத்திருக்கிறாரே, பாய்!"

"முட்டைக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். நாளைக் காலையில் வாருங்கள்."

அன்று அவருக்கு நஷ்டம். நமக்கு முட்டைக் குழம்பு. ஆயினும் அன்று முதல் வேறு கடையை நாம் ஏறிட்டும் பார்த்ததில்லை.

இந்த வட்டாரத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்துத் தோல் வியாபாரிகள் ஆட்டுத் தோலை விரித்து, அம்மை வடு உண்டா, கத்திக் கீறல் உண்டா என்று பார்த்தே விலை பேசுவார்கள். ஆட்டின் சரித்திரம் தோலில் எழுதியிருக்கிறது. துண்டு போட்ட கறியிலோ அந்தச் சரித்திரம் அழிந்துவிடுகிறது. செருப்புக்குக் கிடைக்கும் பரீக்ஷை சோற்றுக்குக் கிடைக்க வேண்டாமா?

சட்டம் இல்லாமல் இல்லை. அறுப்பதற்கு முன் ஒவ்வொரு பிராணியையும் கால்நடை வைத்தியர் பார்க்க வேண்டும்; ஒரு வைத்தியர் மணிக்கு 12-க்கு மேலும், நாளுக்கு 96-க்கு மேலும் பார்க்கலாகாது என்று கசாப்புக்கூடங்களுக்கு 2001-ம் வருஷத்து மத்திய சர்க்கார் விதிகள் கூறுகின்றன. 2006-ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கடைக்காரர் உரிமமோ பதிவோ பெற்றிருக்க வேண்டும். ஆனால் மரத்தடியில் அறுத்து விற்கும் இடத்துக்கு எந்த வைத்தியர் வருகிறார்?

நம்பிக்கை போனால் திரும்புவது அரிது. மாட்டின் மூளை நோய் மனிதரையும் தொற்றியிருக்கக்கூடுமென்று பிரிட்டிஷ் சர்க்கார் 1996 மார்ச்சில் ஒப்புக்கொண்டது. அம்மாதமே ஐரோப்பிய யூனியன் பிரிட்டிஷ் மாட்டிறைச்சி ஏற்றுமதியைத் தடுத்தது. அத்தடை முற்றும் நீங்க 2006 ஆயிற்று.

பொட்டலத்தின் மேல் 'ஆரோக்கியம்' என்று அச்சடித்துவிட்டாலும் போதாது. உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சியை, உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2015-ல் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களின் ஜாபிதாவில் சேர்த்திருக்கிறது.

ஆகவே, இல்லத்தரசிகளே! "எப்பொழுது அறுத்தது? உரிமம் எங்கே?" என்று கேட்கக் கூச வேண்டாம். யோக்கியமான வியாபாரி அதற்குக் கோபிக்க மாட்டார். கேட்கத் தெரிந்த பிரஜைகளும், "இன்று வேண்டாம்" என்று சொல்லத் துணிந்த வியாபாரிகளும் பெருகினால், தேசத்தின் ஆரோக்கியம் அடுப்பங்கரையிலேயே ஆரம்பமாகிவிடும்.