சொல்தா தாத்தாவின் எண்

ஆம்பூரைத் தாண்டும்போது தோல் வாடைக்கு பஸ் ஜன்னலைச் சாத்துகிறவர்கள் உண்டு. அந்தச் சாலையோரம் ஒரு பிரெஞ்சுப் படை மோதி ஜெயித்தது என்றால் நம்ப மாட்டார்கள். நாள் 1749 ஆகஸ்ட் 3. ஆற்காடு நவாப் அன்வருதீன் கான் மலைக்கும் ஏரிக்கும் நடுவே மண்சுவர் எழுப்பி வழியை மறித்திருந்தார். எதிரே ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபும், ஐதராபாத் நிஜாம் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங்கும். அவர்களுக்குத் துணையாகப் புதுச்சேரியிலிருந்து வந்த படைக்குத் தொத்தேய் தளபதி. இரண்டு முறை முட்டிப் பின்வாங்கியது படை. தொத்தேய் காயம்பட, புஸ்ஸி என்ற அதிகாரியின் தலைமையில் மூன்றாம் முறை உள்ளே புகுந்தது. யானை மேலிருந்த நவாப் குண்டடிபட்டு இறந்தார்.

அந்தப் பிரெஞ்சுப் படையில் ஐரோப்பியர் சுமார் 400 பேர், சிப்பாய்கள் சுமார் 2,000 பேர். “எங்கள் முன்னோர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தாராம், கண்டுபிடிக்க முடியுமா?” என்று கேட்பவர்களிடம் நான் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குவேன். ஐரோப்பியச் சோல்ஜர் கப்பலேறி வந்தவன். பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களில் ஏறியவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. லோரியான் துறைமுகத்தில் காக்கப்பட்ட அந்தப் பட்டியல்கள் இன்றும் இருக்கின்றன. சிப்பாய் நம்மூரில் சேர்ந்தவன், ஆம்பூருக்கு நடந்தே வந்தவன். கப்பல் இல்லை, அதனால் பட்டியலும் இல்லை. அக்காலப் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் அப்துல் ரகுமான், ஷேக் ஹசன் என்று சிப்பாய்த் தலைவர்களின் பெயர்கள் தட்டுப்படும். அவர்களுக்குக் கீழே நின்றவர்கள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான்.

தாத்தா காலத்துக்கு வந்தால் கதை மாறுகிறது. 1881 செப்டம்பர் 21-ஆம் தேதி ஆணைப்படி, பிரெஞ்சு இந்தியாவின் குடிகள் தங்கள் சாதி, மத வழிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்துக்குள் வரலாம், குடும்பப் பெயரும் வைத்துக்கொள்ளலாம் என்றானது. அப்படி வந்தவர்களின் வாரிசுகளுக்குப் பின்னாளில் பட்டாளக் கடமையும் வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களைப் புதுச்சேரியில் ‘சொல்தா’ என்று இன்றும் சொல்கிறார்களே, அவர்களுடைய தடம் இங்கிருந்துதான் தெளிவாகிறது.

அந்தத் தடத்தின் முனை ‘மத்ரிகுல்’ என்னும் பட்டாளப் பதிவு எண். ஆம்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம்: லாட் நம்பர் தெரியாமல் குடோனில் தோலைத் தேட முடியுமா? பிரெஞ்சுக்காரர்கள் ஆட்களை ‘வகுப்பு’ வாரியாக அடுக்கினார்கள். ஒருவருக்கு 20 வயது நிறைகிற ஆண்டுதான் அவருடைய வகுப்பு. 1894-இல் பிறந்தவர் 1914 வகுப்பு. வகுப்பும் பதிவான இடமும் தெரிந்தால் எண் கிடைக்கும். எண் கிடைத்தால் அவருக்கென்று எழுதிய பக்கம் கிடைக்கும்.

அந்தப் பக்கம் ஓர் ஆளை எதிரே நிறுத்துகிறது. உயரம், முடியின் நிறம், கண், மூக்கின் வடிவம், தாய் தகப்பன் பெயர், செய்த தொழில். படிப்புக்கும் ஓர் இலக்கம்: 0 என்றால் எழுதப் படிக்கத் தெரியாது, 2 என்றால் இரண்டும் தெரியும். பிறகு சேர்ந்த ரெஜிமெண்ட், போன போர்க்களம், பட்ட காயம், வாங்கிய தண்டனை. பாட்டி மறைத்த தண்டனை ஏதும் இருந்தால் அதுவும் அங்கே இருக்கும், தயாராக இருங்கள்.

முதல் உலகப் போரில் இறந்தவர் என்றால் வேலை இன்னும் எளிது. 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் அட்டைகளை பிரெஞ்சு பாதுகாப்புத் துறை ‘மெமுவார் தெஸ் ஓம்’ என்ற இணையதளத்தில் போட்டிருக்கிறது, பார்க்கக் காசில்லை. உயிரோடு திரும்பியவரைத் தேட வான்சேன், போ ஆகிய ஊர்களிலுள்ள ராணுவ ஆவணக் காப்பகங்களுக்கு எழுத வேண்டியிருக்கும். பிறப்பு, திருமணப் பதிவுகளுக்கு ஏக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம். 1776-இல் வந்த அரசாணை ஒன்று, காலனிப் பதிவேடுகளுக்குப் பிரதி எடுத்து பிரான்சுக்கு அனுப்பச் சொன்னது. இங்கே செல்லரித்துப் போன ஏடு அங்கே முழுசாக இருக்கக்கூடும்.

பெரிய முட்டுக்கட்டை பெயர்தான். பிரெஞ்சில் நம் ‘உ’ ஒலிக்கு ஓ, யு என்று இரண்டு எழுத்து போடுவார்கள். முத்துவையும் பொன்னுசாமியையும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் தட்டிவிட்டு “ஒன்றுமே இல்லையே” என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரே ஆளை இரண்டு குமாஸ்தாக்கள் இரண்டு விதமாக எழுதியதும் உண்டு. பெயரை விட்டுவிட்டு, பிறந்த தேதியையும் தகப்பன் பெயரையும் பிடித்துக்கொண்டு தேடுவதே மேல்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வேலூர், ஆம்பூர் பக்கம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. முதல் உலகப் போரில் சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் பிரிட்டிஷ் படையின் பூட்ஸுக்குப் போனது. இந்தப் பக்கத்துத் தாத்தா எந்தப் பட்டாளத்தில் இருந்தார் என்பதே முதல் கேள்வி. பிரிட்டிஷ் பட்டாளமென்றால் பாரீசுக்கு எழுதிப் பயனில்லை.

அதற்கு முதலில் வீட்டுப் பரணைப் பாருங்கள். பென்ஷன் புத்தகம், மெடல், பிரெஞ்சு முத்திரை குத்திய ஏதாவது காகிதம். எதுவும் இல்லாவிட்டாலும் சீருடையில் எடுத்த போட்டோ இருந்தால் ஒரு பூதக்கண்ணாடியோடு உட்காருங்கள். முகத்தைப் பார்க்காதீர்கள், காலரைப் பாருங்கள். அங்கே தைத்திருக்கிற எண் ரெஜிமெண்டின் எண்ணாக இருக்கலாம்.