ஓடுகிற அண்ணன்கள் முகத்துக்கு என்ன பூசலாம்?



தலைப்பைப் பார்த்தவுடன் சிரிக்காதீர்கள். பத்தாம் வகுப்பு அண்ணன்கள்தான் முதலில் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் யாரும் இல்லாத நேரத்தில் வந்து முழுசாகப் படிக்கப் போவதும் அவர்கள்தான்!

நம்ம உறையூர் வெக்காளியம்மனுக்குக் கூரை கிடையாது. வெயிலோ மழையோ, வானத்தின் கீழேதான் அம்மன் இருக்கிறாள். அம்மனுக்குத் தாங்கும். எங்க அண்ணன் முகத்துக்குத் தாங்கல. அதுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

அண்ணன் போலீஸ் தேர்வுக்குத் தயார் செய்கிறான். கான்ஸ்டபிள் உடல்தகுதித் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும். 400 மீட்டர் தடத்தில் அது மூன்றே முக்கால் சுற்று. காலையில் அண்ணா விளையாட்டரங்கத்தில் ஓடுவான். தேர்வு நாளில் வெயிலில் வரிசையில் நிற்கப் பழகணும் என்று மத்தியானமும் ஓட ஆரம்பித்தான். அக்னி நட்சத்திரத்தில் முகம் காந்தியது. ஆடிக்காற்று வந்ததும் கன்னம் வறண்டு செதில் செதிலாக உரிந்தது. ஷேவ் பண்ணினால் கண்ணில் தண்ணீர் வரும். அம்மா ஏதாவது பூசுடா என்றால், “ஆம்பளப் பசங்களுக்கு எதுக்குடி பூச்சு?” என்று பாட்டி குறுக்கே வந்துவிடுவார். அண்ணனுக்கும் வெட்கம். அதனால் வீட்டில் யாருக்கும் தெரியாமல் கூட ஓடுகிற பையன் சொன்ன ஒரு சின்ன டியூபை வாங்கிப் பூசியிருக்கிறான்.

முதல் மூன்று வாரம் முகம் பளபளவென்று ஆனது! அத்தைகூட “என்னடா கலர் ஏறிட்ட” என்றார். இரண்டு மாதத்தில் கன்னம் இரண்டும் செக்கச்செவேல். வெயிலில் கால் வைத்தாலே எரிச்சல். நெற்றி முழுக்கப் பொடிப்பொடியாகப் பரு. பூசுவதை நிறுத்தினால் இன்னும் மோசமானது. ஓடப் போகாமல் போர்வைக்குள் படுத்துக்கொண்டான். ஒரு நாள் அவன் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் அந்த டியூப் கிடைத்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை. மேலே ‘ஆர்எக்ஸ்’ என்ற குறி. மருந்தின் பெயர் மொமெட்டசோன்.

அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அது ஸ்டீராய்டு மருந்தாம். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் எல்லாம் ஒரே குடும்பம். எக்சிமா போன்ற சில தோல் நோய்களுக்கு டாக்டர் சொல்லும் நாள் வரை மட்டும் பூச வேண்டியவை. அவற்றை மாய்ஸ்சரைசர் மாதிரி தினமும் பூசினால் தோல் மெலிந்துவிடும், சிவக்கும், பரு வரும். முதலில் வரும் பளபளப்பைப் பார்த்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். 2018-ல் மத்திய அரசு இந்த வகைக் கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆனாலும் கடையில் கேட்டால் கொடுத்துவிடுகிறார்கள். அப்பா அண்ணனைப் புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். தோல் டாக்டர் டியூபைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்தச் சொல்லி, பதிலாக என்ன பூசலாம் என்றும் சொல்லி அனுப்பினார். அவர் சொன்னதையும் டீச்சர் விளக்கியதையும் சேர்த்துத்தான் இனி எழுதுகிறேன்.

தோலின் மேல்புறத்தை ஒரு செங்கல் சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன செல்கள்தான் செங்கல். நடுவில் இருக்கும் கொழுப்பு சாந்து. இந்தச் சுவரின் கனம் முகத்தில் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான்! உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகாமல் காப்பது இதுதான். வெயில், காற்று, வியர்வை உப்பு, சோப்பு, ரேசர் எல்லாம் சேர்ந்து சாந்தைச் சுரண்டுகின்றன. மாய்ஸ்சரைசர் என்பது அந்தச் சுவருக்குப் பூசும் பூச்சு. வெள்ளையடிப்பது இல்லை!

அந்தப் பூச்சில் முக்கியமாக இரண்டு வேலை நடக்கும். ஒன்று தண்ணீரை இழுத்துப் பிடிப்பது. கிளிசரின் அதைச் செய்யும். மெடிக்கலில் மலிவாகக் கிடைக்கும். ஆனால் காற்று ரொம்ப வறண்டிருக்கும்போது வெறும் கிளிசரினைப் பூசினால், வெளியே ஈரம் கிடைக்காமல் தோலுக்குள்ளிருந்தே இழுத்துவிடும். பாட்டி காலத்தில் பன்னீர் கலந்து பூசியது இதனால்தான் போலிருக்கிறது. (இதைச் சொன்னதும் பாட்டி என் கட்சிக்கு மாறிவிட்டார்.) இன்னொரு வேலை மூடி வைப்பது. அதில் கெட்டிக்காரன் பெட்ரோலியம் ஜெல்லி. செஸ்பரோ என்ற அமெரிக்கர் எண்ணெய்க் கிணறுகளில் குழாயில் ஒட்டிய பிசுக்கைத் தொழிலாளர்கள் காயத்துக்குத் தடவுவதைப் பார்த்து, அதைச் சுத்தம் செய்து வாசலைன் என்று பெயர் வைத்து 1872-ல் காப்புரிமை வாங்கினார். மார்கழிப் பனியில் ராத்திரி பூச அது நல்லது. பூசிக்கொண்டு ஓடினால் ஆடிக்காற்றுப் புழுதி பூராவும் முகத்தில் ஒட்டும்! தேங்காய் எண்ணெயும் மூடி வைக்கும் வகைதான். ஆனால் பரு வருகிற முகத்தில் அது துவாரத்தை அடைத்துவிடும்.

சரி, ஆம்பளைகளுக்கு என்று தனியாக வேண்டுமா? ஆண்களின் தோல் நம்முடையதைவிடக் கொஞ்சம் தடிப்பு, எண்ணெயும் அதிகம் சுரக்கும். அதனால் கெட்டியான கிரீமைவிட லேசான லோஷன் அல்லது ஜெல் பொருத்தம். அவ்வளவுதான் வித்தியாசம். கறுப்பு டப்பாவும் ‘ஆண்களுக்கு’ என்ற எழுத்தும் வாசனைக்கும் விளம்பரத்துக்கும்தான் என்பது என் கருத்து. சிவப்பழகு விளம்பரத்துக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆண்களுக்கான சிவப்பழகு கிரீம் என்று 2005-ல் ‘ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்’ வந்தது. டெல்லியில் ஒருவர் 2013-ல் அதை 79 ரூபாய்க்கு வாங்கி, சொன்னபடி சிவப்பாகவில்லை என்று வழக்குப் போட்டார். 2024 டிசம்பரில் நுகர்வோர் மன்றம் கம்பெனிக்கு 14.5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. அடுத்த மாதமே கிரீமின் பெயர் ‘ஸ்மார்ட் அண்ட் ஹேண்ட்சம்’ ஆனது. பெண்களுக்கான ‘ஃபேர் அண்ட் லவ்லி’ 1975-ல் வந்தது, 2020-ல் ‘க்ளோ அண்ட் லவ்லி’ ஆகிவிட்டது. பெயரிலிருந்து ‘சிவப்பு’ போய்விட்டது, நம்ம தெருவிலிருந்து இன்னும் போகல.

அதனால் டப்பாவின் முன்பக்கத்தைப் படிக்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் பொருள்களை அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில் எழுத வேண்டும் என்பது சட்டம். தண்ணீருக்கு அடுத்து இரண்டாவது மூன்றாவது இடத்தில் கிளிசரின் இருந்தால் சரக்கு உள்ளே இருக்கிறது. வாசனைப் பொருளுக்கும் பின்னாடி கடைசியில் இருந்தால் பேருக்குத்தான் போட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே எரிச்சல் உள்ள முகத்துக்கு வாசனையே இல்லாததுதான் நல்லது. ‘நான் காமெடோஜெனிக்’ என்று இருந்தால் துவாரத்தை அடைக்காத வகை என்று அர்த்தம். ஆர்எக்ஸ் குறி இருந்தால் அது மருந்து. கீழே வைத்துவிடுங்கள்.

வெயிலுக்கு இது மட்டும் போதாது, சன்ஸ்கிரீன் வேண்டும். அதில் எஸ்.பி.எஃப். 30 என்றால், சரியான அளவில் பூசினால், தோலைச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிரில் 30-ல் ஒரு பங்குதான் உள்ளே வரும். கணக்குப் போட்டால் 96.7 சதவீதம் தடுக்கும். 50 என்றால் 98. வித்தியாசம் 1.3 சதவீதம்தான். அதனால் பெரிய எண்ணுக்கு அதிகக் காசு கொடுப்பதைவிடப் போதுமான அளவு பூசுவது முக்கியம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். அண்ணன் பூசியதோ பட்டாணி அளவு! ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்னாடியே பூச வேண்டும். வியர்வைக்கு ஓரளவு தாங்கும் வகையாக வாங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வியர்த்துத் துடைத்தால் அதற்கு முன்னாலேயே, திரும்பப் பூச வேண்டும்.

எப்போது வெயில் கெடுதல் என்று பார்க்க ஒரு சுலப வழி டீச்சர் சொன்னார். நம்ம உயரத்தைவிட நிழல் குட்டையாக இருந்தால் புற ஊதாக் கதிர் கடுமை. ஆவணி மாதம் ஒரு நாள் நானும் என் தோழியும் பி.டி. சாரிடம் டேப் வாங்கி மைதானத்தில் அளந்தோம். என் உயரம் 148 செ.மீ. காலை 8 மணிக்கு நிழல் 290. ஒன்பதே காலுக்குக் கிட்டத்தட்ட 148. 10.40 இடைவேளையில் 67-தான்! அதனால் ஏழு, ஏழரைக்குள் ஓடி முடிக்கிறவர்களுக்குக் கவலை குறைவு. மத்தியானம் ஓடினால் சன்ஸ்கிரீனோடு தொப்பியும் வேண்டும். அண்ணன் மத்தியான ஓட்டத்தை விட்டுவிட்டான். வரிசையில் நிற்கப் பழகத்தானே, தொப்பி போட்டுக்கொண்டு நின்றால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இப்போது ஓடி வந்ததும் வெறும் தண்ணீரில் முகம் கழுவுகிறான். முன்பு நாலு தடவை குளியல் சோப்புப் போடுவான். துண்டால் பரபரவென்று தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் லோஷன் பூசுகிறான். காய்ந்த பிறகு பூசினால் பிடித்து வைக்க ஈரமே இருக்காதே! ஷேவ் பண்ணியதும் அதேதான். முகம் முழுசாகச் சரியாகவில்லை. ஆறு மாதம்கூட ஆகலாமாம். ஆனால் திரும்ப ஓடப் போகிறான். போன ஞாயிற்றுக்கிழமை 6 நிமிடம் 52 விநாடி. நான்தான் கடிகாரம் பிடித்தேன்.

ராத்திரிக்கு என்று வாங்கி வைத்த பெட்ரோலியம் ஜெல்லி டப்பாவைத்தான் காணோம் என்று தேடினோம். பாட்டி பாதியைக் கால் வெடிப்புக்குத் தடவி முடித்துவிட்டு, மீதியைத் தலையணைக்கடியில் வைத்திருக்கிறார்.

– 9-ஆம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு